நம்ம சூளைக் கல்லு

பீரோவின் மூலை இடித்ததும், அட்டைப்பெட்டி அமுங்குவது போல மெத்தென்று ஒரு சத்தம் வந்தது. செங்கல் சுவர் அப்படிச் சத்தம் போடாது. என் கணவர் மனோஜ்குமார் பீரோவைக் கீழே வைத்துவிட்டு முதலில் வாசலைத்தான் பார்த்தார், யாராவது கேட்டிருப்பார்களோ என்று.

ஹால் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. உள்ளே இருட்டு, வெள்ளைத் தூள், ஒரு தகரச் சட்டம். பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் கட்டிய இந்த வீட்டில் அது ஒன்றுதான் ஜிப்சம் போர்டு சுவர். மற்றதெல்லாம் செங்கல். செங்கல் முழுவதும் என் அப்பா கொடுத்த சீர்.

அப்பா, நஞ்சுண்டன், சூளை வைத்திருந்தவர். புதுமனை புகுவிழாவுக்கு வந்த உறவுக்காரர்களை அறை அறையாகக் கூட்டிப்போய், சுவர்களை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காட்டினார். "ஒவ்வொண்ணும் நம்ம சூளைக் கல்லுங்க." போர்டு சுவர், வேலையெல்லாம் முடிந்த பிறகு, மனோஜ் தன் ஆபீசுக்காக ஹாலைத் தடுத்துப் போட்டது. அன்று அதை ஒட்டிச் சீர்த்தட்டுகளை அடுக்கியிருந்ததால் தட்ட இடமில்லை. "இதுவுமுங்களா மாப்ள?" என்று அப்பா கேட்டார். "ஆமாங்க மாமா. மிச்சக் கல்லு கெடந்துச்சுங்க" என்று இவர் சொல்லிவிட்டார்.

அவர்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள வேறு விஷயமே கிடையாது. இவருக்குப் பம்பு செட்டு உதிரிபாகம், அவருக்குச் சூளை. ஒருவருக்கு மற்றவர் தொழில் புரியாது. அப்பா வருவார், சுவரைப் பாராட்டுவார், இவர் கல்லைப் பாராட்டுவார், சாப்பிடுவார்கள். அந்தக் கல் பொய்யென்று ஆனால் அப்பா இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டார். இவரும் போய்க் கூப்பிட மாட்டார்.

எனக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். வீடு கட்டும்போதே சூளை மூடியாகிவிட்டது. அம்மா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பன் சூளைக் கல்லு அதுல ஒண்ணுகூட இல்ல கண்ணு. எல்லாம் வெளிய வாங்குனது. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத." பூச்சுக்குள் ஒவ்வொரு கல்லிலும் வேறு யாரோ ஒருவரின் சூளை முத்திரை இருக்கிறது.

இரண்டையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு இயல்பாக வரும்.

ஓட்டை விழுந்ததை அம்மாவிடம் போனில் சொன்னதுதான் தப்பு. அப்பா பக்கத்தில் இருந்திருக்கிறார். போனை வாங்கி, "உள்ள கல்லு தெரியுதா அம்மணி?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"இன்னும் பாக்கலீங்கப்பா."

"ஆரும் பாக்க வேண்டாம். நா வாரேன்."

போர்டு வேலைக்காரர் பாலகோபால் அப்போதுதான் ஓட்டையைச் சதுரமாக வெட்டி முடித்திருந்தார். அப்பாவின் கார்ச் சத்தம் கேட்டதும் மனோஜ், அவர் கொண்டுவந்திருந்த போர்டுத் துண்டைக் கட்டிலுக்கடியில் தள்ளி, ஓட்டைமேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார். அப்பா தோள்துண்டில் எதையோ சுற்றிக் குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு வந்தார். போர்வையைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"வாங்க மாமா. இந்த வெயில்ல எதுக்குங்க நீங்க..."

"உள்ள எட்டிப் பாத்தீங்களா மாப்ள?"

"இல்லீங்க மாமா."

"பாக்காதீங்க" என்றார் வேகமாக. பிறகு, "தூசி. கண்ணுல உழுந்துரும்."

"அதானுங்க. நீங்களும் கிட்டப் போகாதீங்க."

"நா எதுக்குங்க போறேன்?"

துண்டைப் பிரித்தார். ஒரு செங்கல். நடுவில் 'ந' என்ற முத்திரை. சூளையை மூடியபோது எடுத்து வைத்ததாம். ஓட்டைக்குள் இதை வைத்துப் பூச வேண்டும் என்றார்.

பாலகோபால் சிரித்துவிட்டார். "ஏனுங்க, இதுல போயிக் கல்ல வெச்சா எப்படிங்க..."

மனோஜ் இருமினார். பாலகோபாலுக்கு அந்த இருமல் புரிந்தது. "...எப்படி வெக்கோணுமோ அப்படி வெச்சர்லாமுங்க" என்று முடித்தார்.

"முத்திரை வெளிப்பக்கம் பாக்கற மாதிரி வெய்யி தம்பி. நாளைக்கு ஆராச்சும் ஒடச்சுப் பாத்தா தெரியோணுமல்ல."

அப்பா சுவருக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். நான் மோர் கொடுத்தேன். மனோஜ் போர்வையைத் திரை போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கல் தடிமனாக இருந்ததால், பாலகோபால் அதைக் கொல்லைக்குக் கொண்டுபோய், பின்பக்கத்தை மிஷினில் அறுத்தார். அந்தச் சத்தத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பாலகோபால் தகரச் சட்டங்களுக்கு நடுவே ஒரு மரக்கட்டையை முடுக்கி, அதன்மேல் கல்லை உட்கார வைத்து, முன்னால் போர்டுத் துண்டை அதோடு சேர்த்து ஒட்டி, ஓரங்களில் வலைநாடா போட்டு வெள்ளைப் பசையை இழுத்தார்.

அப்பா ஒருமுறை மட்டும் திரும்பினார். "சிமெண்டு வெள்ளையா இருக்குது?"

"இப்ப இப்படித்தானுங்க வருது" என்றார் பாலகோபால்.

"சேரி, சேரி" என்று அப்பா மறுபடி தெருவைப் பார்த்தார். சாதாரண நாளில் சிமெண்டைப் பற்றி அரைமணி நேரம் விசாரிப்பவர்.

பசை காய்ந்து, உப்புத்தாள் தேய்த்து, ஒரு கை பெயிண்டும் அடித்தாயிற்று. அப்பா எழுந்து வந்து, ஈரம் படாமல் ஒற்றை விரலை மடக்கித் தட்டினார். கெட்டியான, நிறைந்த சத்தம்.

"கேட்டீங்களா மாப்ள? நம்ம சூளைக் கல்லு."

"வேறெந்தக் கல்லுக்குங்க மாமா இந்தச் சத்தம் வரும்?"

இருவருக்கும் முகம் மலர்ந்திருந்தது. வீடு முழுவதிலும் அப்பாவின் சூளைக் கல் அந்த ஒன்றுதான். வீடு முழுவதிலும் கல்லில்லாத சுவரும் அந்த ஒன்றுதான்.

அடுத்து அப்பாவின் விரல் ஒரு சாண் தள்ளிப் போனது. தட்டுவதற்காக மடங்கியது. மனோஜ் மூச்சு விடவில்லை. விரல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அப்பா அதை மெதுவாக இறக்கி வேட்டியில் துடைத்தார்.

"சோறு போடு கண்ணு. பசிக்குது."

சாப்பிடும்போது, ஆடி நோம்பிக்கு ஒறம்பரை சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு வரப்போவதாகச் சொன்னார். "இந்தச் செவுத்தத் தட்டிக் காட்டோணும்."

"கட்டாயம் வாங்க மாமா" என்றார் மனோஜ். கை கழுவப் போகிற சாக்கில் ஹாலுக்குப் போய், கல் இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு வந்தார்.

கிளம்பும்போது அப்பா துண்டை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்ப உள்ளே போனார். வர நேரமாகவே நான் பின்னால் போனேன். அவர் கதவு நிலையில் கட்டை விரலை ஊன்றி, கல் இருக்கும் இடம் வரை சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் கையை எடுத்துச் சுவரைத் தடவினார். "தூசி" என்றார்.

நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.