நாலாம் இயலில் என்ன இருக்கிறது

“நாலாம் இயலைப் படிச்சீங்களா சார்? படிச்சிருந்தா அதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க.”

கேட்டேவிட்டாள் மாஜிதா. எதை வேண்டுமானாலும் கேள், படித்தீர்களா என்று மட்டும் கைடான பேராசிரியரிடம் கேட்டுவிடாதே என்று இசக்கிராஜா, அவள் ஆய்வுக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தான். அவரிடமே ஏழு வருஷமாக முனைவர் பட்டத்துக்குக் கிடப்பவன். “கேட்டவ ஒருத்தி ஆலங்குளத்துல ஜவுளிக்கடையில சேலை விரிச்சிக்கிட்டு நிக்கா, பாத்துக்க.”

பேராசிரியர் ஆவுடைநாயகம் குற்றாலத்து வீட்டு வாசலில், தலையிலிருந்து எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு நின்றார். ஐந்தருவிக்குக் கிளம்பும் நேரம்.

“இதைக் கேக்கவா அச்சன்புதூர்ல இருந்து வந்தே? கையெழுத்துப் போட்டு இசக்கிகிட்ட குடுத்துவிட்டேன்லா. திங்கக்கிழமை கடைசி நாளு. கொண்டு போயிக் குடு.”

“என்ன இருக்குன்னு கேட்டேன் சார்.”

“நாலாம் இயல்தாம்மா உசிரு. ஒங்க அம்மா பீடி சுத்திப் பட்ட பாட்டை அவ வாயாலயே சொல்ல வச்சிருக்க பாரு. எனக்கே கண்ணு கலங்கிட்டு.”

உம்மாவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அச்சன்புதூர்ப் பீடிப் பெண்களைப் பற்றிய ஆய்வு. மூன்று இயல்களை ஒரே வருஷத்தில் முடித்தவள் நாலாவதில் உட்கார்ந்துவிட்டாள். உம்மா பேசிய மூன்று மணி நேரம் செல்போனில் கிடந்தது. “இதையெல்லாம் எழுதி என்னத்துக்குட்டி?” என்று குரல் தொடங்கும். அந்த இடத்திலேயே அணைத்துவிடுவாள். பஸ்ஸிலும் பாத்திரம் தேய்க்கையிலும் தானாக வந்த வரிகள் மேஜையில் உட்கார்ந்தால் வராது. வந்த ஒன்றிரண்டும், முதல் இயலின் முதல் பக்கத்தில் ஆவுடைநாயகம் இழுத்த சிவப்புக் கோடுகள் ஞாபகம் வந்ததும் அழிந்துபோகும்.

பிறகு குற்றாலத்தில் சீசன் வந்தது. ஆய்வேடுகளை மதிப்பிட வரும் வெளியூர்த் தேர்வாளர்களின் குடும்பங்களை அருவிக்குக் கூட்டிப்போவது, அவர்கள் குளித்து முடிக்கும்வரை உடுப்புகளைக் காப்பது, பார்டர் கடையில் பரோட்டா வாங்கி வருவது எல்லாம் ஆவுடைநாயகத்தின் மாணவர்கள் தலையில்தான். மாஜிதா திட்டிக்கொண்டேதான் போனாள். ஆனால் ‘இன்னைக்கு வந்துரும்மா’ என்று போன் வந்த காலைகளில் அவளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இன்றைக்கு எழுத வேண்டாம்.

இப்படியே எட்டு மாதம். கெடு நெருங்கியதும், பக்கம் குறையக் கூடாதென்று முதல் இயலையே மறுபடி வைத்து, ‘நாலாம் இயல்’ என்று தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தாள். ரெண்டு நாளில் எழுதி மாற்றிவிடலாம் என்றுதான். ரெண்டு நாள் மூன்று வாரமானது. நேற்று அது கையெழுத்தோடு திரும்பி வந்தது. ‘முழுவதும் படித்துத் திருத்தினேன்’ என்ற வரிக்குக் கீழே, பச்சை மையில்.

மாஜிதா ஆய்வேட்டை விரித்து முதல் இயலின் முதல் பத்தியை அவருக்குக் கேட்க வாசித்தாள். தாள்களைப் புரட்டி நாலாம் இயலின் முதல் பத்தியை வாசித்தாள். எழுத்துக்கு எழுத்து அதேதான்.

ஆவுடைநாயகம் துண்டை மறுதோளுக்கு மாற்றினார்.

“சரி, படிக்கல. அதுக்கென்ன இப்போ? நான் படிக்கல, நீ எழுதவே இல்லையேட்டி. ரெண்டு பேருல யாரு பெரிய களவாணி?”

அவள் ஆய்வேட்டை மூடினாள்.

“ஒங்க வீட்டுல பேனா பிடிச்ச மொதக் கை நீ. அம்மா கையி இலை வெட்டும், மக கையி என்னத்த எழுதிரும்னு எனக்கு அப்பவே தெரியும். போனாப் போகுதுன்னு கையெழுத்துப் போட்டேன். தேர்வு நடத்த வாரவருக்கு அருவியும் சாப்பாடும் நல்லா அமைஞ்சாப் போதும். வாயப் பொத்திக்கிட்டு டாக்டர் ஆகு.”

முதல் பக்கத்தைத் தாண்டாத ஒரு சிவப்புப் பேனாவுக்கு எட்டு மாதம் பயந்திருக்கிறாள். அது அவளைச் சுட்டது. அதைவிட, களவாணி என்று அவர் சொன்னது பொய்யில்லை என்பது சுட்டது.

பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். காலையில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதியது. நாலு பக்கம். எட்டு மாதத்தில் அவள் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியது அது ஒன்றுதான். ‘நாலாம் இயலை நான் எழுதவில்லை’ என்று தொடங்கி, ‘கேட்டபோது என் வழிகாட்டி சொன்னது’ என்று முடித்து, கீழே ரெண்டு வரி இடம் விட்டிருந்தாள். காம்பவுண்டுச் சுவரில் வைத்து அதை நிரப்பினாள்.

“‘எனக்கே கண்ணு கலங்கிட்டு’. அப்படித்தான சார் சொன்னீங்க?”

“என்னத்தட்டி எழுதுத?”

“யுனிவர்சிட்டிக்கு. ஒங்க கையெழுத்து இருக்குல்லா, அதோட சேத்துக் குடுக்கப் போறேன்.”

“கிறுக்கா ஒனக்கு? நான் ரெண்டு வருசத்துல ரிட்டயர் ஆயிருவேன். பட்டம் போறது ஒனக்குத்தான். ஒங்க அம்மாகிட்ட என்ன சொல்லுவ?”

தெரு முழுக்க ‘எம்மவ டாக்டரு’ என்று உம்மா சொல்லி வைத்து மாதம் ஆறாகிறது.

“நீங்க அருவிக்குப் போங்க சார். எண்ணெய் காயுது.”

சாரல் விழுந்தது. கடிதம் நனையாதபடி நாலாம் இயல் தொடங்கும் பக்கத்தில் செருகினாள். கேட்டைச் சாத்தாமல் திருநெல்வேலி பஸ்ஸுக்கு நடந்தாள்.