நயினார் கார் ஒழுகிய கதை

துரைக்கண்ணு ஷெட்டைத் திறந்ததும் சாமி படத்தைக் கும்பிடவில்லை. நேராகக் காருக்கு அடியில் குனிந்து பார்த்தான். முந்தின நாள் விரித்த செய்தித்தாளில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் நின்றது. மூன்று தடவை இஞ்சினை இறக்கி ஏற்றிய பிறகும் இந்த லட்சணம். பக்கத்திலிருந்த வாளியை ஓங்கி ஒரு உதை விட்டான். வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டை விரல்தான் வீங்கியது.

திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் ரிஷபதாஸ் நயினாரின் கார் அது. வெள்ளைக்காரன் காலத்துச் சீமை வண்டி, பத்து வருஷம் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கோழி அடையக் கிடந்தது. துரைக்கண்ணு அதை அக்கு அக்காகக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, இஞ்சினைப் புதிதாகக் கட்டியிருந்தான். பட்டணத்து ஒர்க்‌ஷாப்பை விட்டுக் காஞ்சிபுரம் செவிலிமேட்டில் தனி ஷெட் போட்ட பிறகு அவன் முழுசாகக் கட்டிய முதல் இஞ்சின் இதுதான். பஸ் முதலாளி ராமலிங்கம் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் அவருடைய மூன்று பஸ்களும் இனி இந்த ஷெட்டுக்குத்தான் வரும். பிடிக்காவிட்டால் ஷெட்டை மூடிவிட்டு மறுபடியும் பட்டணத்தில் இன்னொருவன் அதட்டலுக்குக் கீழே நிற்க வேண்டியதுதான். அன்று புதன்கிழமை.

முன்பக்க மூடி, வால்வு மூடி, எண்ணெய்க் குழாயின் இணைப்பு என்று சந்தேகப்பட்ட இடத்தையெல்லாம் பிரித்து மாட்டியாகிவிட்டது. எண்ணெய் எங்கிருந்து புறப்படுகிறது என்று பிடிபடவில்லை. காற்று அடித்து எல்லா இடத்திலும் பூசிக்கொண்டு கடைசியில் கீழே சொட்டுகிறது. கோபத்தில் வீட்டுக்குப் போய் மனைவி செல்லியம்மாளின் பவுடர் டப்பாவை எடுத்து வந்தான்.

"எனக்கு வாங்கினதா, உன் இஞ்சினுக்கு வாங்கினதா?" என்று அவள் வாசல்வரை வந்து கேட்டாள்.

இஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, பவுடரைத் தூவி, ஓடவிட்டுப் பார்த்தான். கால் மணியில் தெரிந்துவிட்டது. இஞ்சினின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேருகிற இடத்தில், சுற்றிவர ஒரே சீராக ஈரக்கோடு. ஒரு ஓட்டையாக இருந்தால் ஒரு இடத்தில்தானே வழியும்? இது உள்ளே வைத்த பட்டு நூல் போன வழியெல்லாம் நனைந்திருந்தது.

அந்த இரண்டு பாதிக்கும் நடுவே அட்டை எதுவும் வைக்க முடியாது. இரும்போடு இரும்பு உட்கார வேண்டும். பசையைத் தடவி, அதன்மேல் மெல்லிய பட்டு நூலை ஒரு சுற்று ஓட்டி இறுக்கினால் சொட்டாது என்பது பட்டணத்தில் அவன் கற்ற வேலை. பட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமா? ஒரு கண்டு வாங்கி வரும்படி நயினாரிடமே சொல்லியிருந்தான். அவரும் வாங்கி வந்து, தினமும் பக்கத்தில் குந்திக்கொண்டு, தன் கையாலேயே பசையில் தோய்த்து எடுத்துக் கொடுத்தார்.

நான்காவது தடவையாக இஞ்சினை இறக்கினான். நூலை உரித்துப் பெட்ரோலில் அலசி, உலர்த்தி, தீக்குச்சியைக் காட்டினான். பட்டென்றால் தலைமுடி கருகிய வாடை வர வேண்டும். காகிதம் எரிந்த வாடை வந்தது. விளக்குத் திரிபோல நின்று நிதானமாக எரிந்தது. எண்ணெய்க்குள் திரியைப் போட்டுவிட்டு ஏன் வெளியே வருகிறது என்று நான்கு நாள் தேடியிருக்கிறான்.

நயினார் மத்தியானம் வந்தார்.

"இது பட்டு இல்லையே நயினாரே."

"இல்லப்பா," என்றார் அவர் சாதாரணமாக. "ஊட்டுக்காரி குணமாலா ரெண்டு வருஷமா விரதம். புழுவ கொதிக்க வெச்சு எடுக்கிற நூலு நம்ம வண்டில இருக்கக் கூடாதுன்னுட்டா. கடைக்காரன்தான் மினுக்கற பருத்தி நூலு இருக்குதுன்னு குடுத்தான். நூலுக்கு நூலு சரியாப் போச்சேன்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ ஒத்துக்க மாட்டியே."

பசையை மட்டும் போட்டால் கொஞ்சம் குறையும், சுத்தமாக நிற்காது என்று சொல்லிப் பார்த்தான். நயினார் அசையவில்லை.

"சொட்டிட்டுப் போவட்டும்பா, அடில ஒரு தகர டப்பா வெச்சிக்கறேன். அவ அந்த வண்டிலதான் கோயிலுக்கு வரப் போறா. எனக்குத் தெரியாம பட்டுப் போட்டுடாத, துரை."

பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று வழக்கம்போல ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார். அடுத்த வீட்டுத் தறியிலிருந்து வாங்கிய பட்டு நூல் துரைக்கண்ணுவின் சட்டைப் பையில் ஏற்கெனவே இருந்தது. அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் போயிருந்தால் அவன் போட்டிருப்பான். சொல்லிவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வெறும் பசையோடு மூடி இறுக்கினான்.

வெள்ளிக்கிழமை ராமலிங்கம் வந்தார். இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, நல்லா இருக்குது என்று தலையாட்டினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே குனிந்தார். செய்தித்தாளில் நாலு சொட்டு.

"இது இன்னாபா?"

துரைக்கண்ணு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். பழி தன்மேல் இல்லை என்பதால் கொஞ்சம் தைரியமாகவே சொன்னான். ராமலிங்கம் குனிந்தபடியே கேட்டார்.

"உங்கப்பா தறில குந்தினவருதானே?"

"ஆமாங்க."

"நூலக் கைல வாங்கித்தானே போட்ட?"

"பசைல தோச்சிக் குடுத்தாருங்க."

"மூணு தடவையா?" அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "காஞ்சிபுரத்துல பொறந்து வளந்துட்டு, கைல இருக்கிறது பட்டா பருத்தியான்னு நீ ஒரு தபாகூடப் பாக்கல. என் பஸ்ல தெனம் நாப்பது பேரு குந்திக்கினு வராங்க துரை."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருக்கலாம். அவர் பஸ்களை அனுப்பும் பேச்சையே எடுக்காமல் இவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சற்றுப் பொறுத்து நயினார் தகர டப்பாவோடு வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு, நல்லா ஓடுதுபா என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

துரைக்கண்ணு தரையிலிருந்த காகிதத்தைக் கசக்கி எறிந்தான். நயினாரைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. குணமாலாவைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் ராமலிங்கம் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுதான் அவனுக்கு ஆறவே இல்லை.