பலகைக்கு முன்னால் நின்றவன்

ஆல்வினுக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். காது கேட்காமல் போகிற வயதில் கலர் பென்சிலைப் பிடி என்றால் எவனுக்குத்தான் வராது?

லாக்லன் ஆற்றுக்குப் பக்கத்தில், ஊர்க் கிழவர்கள் கூடி மரவேலை செய்கிற கொட்டகை அது. சாவி ஆல்வினிடம். பெண்சாதி செத்த பிறகு காலையில் அதைத் திறப்பதும் மாலையில் பூட்டுவதும்தான் அவனுக்குப் பிழைப்பு. சுவரில் இருக்கும் கருவிப் பலகையும் அவன் செய்ததுதான். உளி, ரம்பம், சுத்தியல் என்று ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்பு மையால் சுற்றி வரைந்து ஆணி அடித்திருந்தான். ஒன்று குறைந்தாலும் வெறும் உருவம் பல்லைக் காட்டிவிடும்.

வினையும் அந்தப் பலகையால்தான் வந்தது. போன வியாழக்கிழமை, கூட வேலை செய்கிற பெர்ட் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் லயனலும் வேலையை முடித்துக் கிளம்பினான். லயனல் அந்த மண்ணின் பூர்வகுடிக்காரன்; கொட்டகையில் மற்றவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். பேத்தி உட்கார்ந்து ஆட ஒரு மரக்குதிரை செய்துகொண்டிருந்தான். தலை மட்டும் பாக்கி. அவன் வெளியே போனதும் ஆல்வின் பலகைக்கு முன்னால் போய் நின்று, விரலை ஓட்டிச் சரிபார்த்தான். தொப்பியை மறந்துவிட்டுத் திரும்பி வந்த லயனல் வாசலில் நின்று பார்த்துவிட்டான்.

"எல்லாம் இருக்கா முதலாளி?"

"யார் போனாலும் பாக்கறதுதான்."

"இப்பத்தான் பெர்ட் போனான். நீ டீ ஊத்திக்கிட்டு இருந்தே."

தொப்பியை எடுத்துக்கொண்டு போனவன் அப்புறம் வரவில்லை. குதிரை தலையில்லாமல் மேசைமேல் நின்றது.

கமிட்டித் தலைவர் டெஸ் நேரே வந்து சொல்லிவிட்டார். "லயனல் திரும்பி வரணும். இல்லேன்னா சாவியைக் குடுத்துடு. இந்த மாதிரி மனத்தாங்கலைத் தீக்கறதுக்குன்னு சனிக்கிழமை ஒரு பொண்ணு வருது, படம் வரையச் சொல்லும். ஒழுங்கா ஒக்காரு."

"நான் அவனைத் திருடன்னு சொன்னேனா?"

"சொல்லல. அதான்யா சிக்கல்."

வந்தவள் பேர் பிரயனி. காலில் பெரிய பூட்ஸ், கையில் பென்சில் டப்பா. "உங்களால மனசு நொந்தவங்க இடத்துல போய் ஒக்காருங்க. அங்கேர்ந்து அவங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ, அதை வரையுங்க" என்றாள்.

"எனக்கு வரைய வராது."

"அந்தப் பலகையை யார் வரைஞ்சது?"

"மாட்டுனான் கிழவன்" என்று பெர்ட் சிரித்தான்.

இந்த மாதிரிக் கூட்டங்களால் எவன் மனசும் மாறி ஆல்வின் பார்த்ததில்லை. பிஸ்கட் தீரும், கை குலுக்குவார்கள், மறுநாள் பழையபடிதான். ஆனாலும் சாவி போய்விடுமே. முனகிக்கொண்டே லயனலின் முக்காலியில் போய் உட்கார்ந்தான்.

தன்னுடைய நாற்காலியிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும், மரங்கள் தெரியும். இங்கிருந்து தெரிவது பலகை மட்டும்தான். உளிகளையும் ரம்பத்தையும் சட்டென்று வரைந்துவிட்டான். பலகைக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் மிச்சமிருந்தது. பிரயனி குனிந்து பார்த்தாள்.

"அங்க யாரும் நிக்க மாட்டாங்களா?"

ஆல்வின் அங்கே ஒரு முதுகை வரைந்தான். அதற்கு மேல் தன் வழுக்கைத் தலை. தூக்கிய விரல். பென்சில் நின்றுவிட்டது. பெர்ட் கிளம்புகிற நேரத்தில் தான் எங்கே இருப்போம் என்று யோசித்தான். டீ கெட்டில் பக்கத்தில். டெஸ் போகும்போது? தரையைக் கூட்டிக்கொண்டிருப்பான். லயனல் போகும்போது மட்டும் இங்கே. ஒவ்வொரு தடவையும் இங்கேதான். அப்படிச் செய்யணும் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. கால் தானாகப் போயிருக்கிறது. அழுத்திய அழுத்தில் பென்சில் முனை ஒடிந்தது.

"வேற தரட்டுமா?"

"ஒரு மண்ணும் வேணாம்."

படத்தை மடித்துக்கொண்டு லயனல் வீட்டுக்கு வண்டியை விட்டான். லயனல் வாசலில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். ஈரக்கையைத் துடைத்துவிட்டு, படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான்.

"முதுகு நல்லாத்தான் வந்திருக்கு. முதல் நாள்லேர்ந்தே வெளிய போய்த் திரும்பிப் பாத்தா எனக்குத் தெரியற முதுகு."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஏன், அதுவும் என் வேலையா? எங்கப்பன் ஆட்டு ரோமம் வெட்டப் போன எடத்துல, சாயங்காலம் அவர் பையை மட்டும்தான் தடவிப் பாப்பாங்க. அவரும் சொன்னாரு, நாங்களும் சொன்னோம். வாய் வலிச்சுப் போச்சுய்யா."

ஆல்வின் நாயையே பார்த்துக்கொண்டு நின்றான். "தப்புதான்" என்றான்.

"படம் போட்டா சரியாப் போயிடுமா?"

"போகாதுன்னுதான் நானும் நெனைக்கிறேன்."

லயனல் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "திங்கக்கிழமை வர்றேன். குதிரையை முடிக்கணும். ஆனா அன்னைக்கு நான்தான் பூட்டுவேன். நீ எனக்கு முன்னாடி வீட்டுக்குப் போகணும்."

"சாவி என் பொறுப்பு."

"தெரியும். அதான் கேக்கறேன்."

திங்கட்கிழமை மாலை லயனல் குதிரைத் தலைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். மேசை பூராவும் உளிகள் இறைந்து கிடந்தன. ஆல்வின் சாவியை அவன் பக்கத்தில் வைத்தான்.

"கிளம்பறேன்."

"ம்." லயனல் நிமிரவில்லை.

காரில் உட்கார்ந்தும் ஆல்வினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தச் சின்ன உளியை லயனல் எங்கே வைத்தான் என்று மனசு அதுபாட்டுக்குக் கேட்டது. எல்லாம் தெரிந்த பிறகும் கேட்கிறதே. சீ, என்ன புத்தி இது என்று பல்லைக் கடித்தான். வண்டியைக் கிளப்பினான். ரோட்டு முனையில் கால் பிரேக்கை அழுத்தியது. தன்னையே ஒரு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு, காலை எடுத்து, வீட்டைப் பார்த்து ஓட்டினான்.