உள்தாழ்ப்பாள் இருந்த ஒரே கதவு

ஏழு பேர் வாழ்ந்த அந்த வீட்டில், கண்ணுங்களா, உள்தாழ்ப்பாள் இருந்தது கழிப்பறைக்கு மட்டும்தான். அந்த வீட்டு இரண்டாவது மருமகள் ஒரு வருஷமாக அங்கேதான் கதைப் புத்தகம் படித்தாள். மடியில் செருகிக்கொண்டு போய், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, தினம் அரை மணி நேரம். வயிற்றுக் கோளாறு என்று வீட்டார் நினைத்தார்கள். அவளும் மறுக்கவில்லை.

கடைசியில் மாமியார் அவளை டாக்டரிடம் இழுத்துப் போனார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷமா." சொல்லும்போதே படித்த பதினோரு நாவல்களும் மனசில் வந்து போயின. பனிமலையில் வழிதப்பியவன், மூன்று முறை கல்யாணத்தை நிறுத்தியவள், கொலைகாரனைக் காதலித்த நர்ஸ். அவளையறியாமல் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க டாக்டர், நோவைச் சொல்றப்பவும் சிரிக்கிறா! உள்ள போனா குடித்தனமே நடத்துறா!" என்றார் மாமியார்.

டாக்டர் கசப்பு மருந்து எழுதினார். "ஒரு வாரத்துல கேக்கலேன்னா, வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும்மா."

ஒரு வாரம் மருந்தைக் கண்ணை மூடி விழுங்கினாள். எட்டாம் நாள் காலை மாமியார் வழிமறித்தார். "என்னடி, சரியாயிடுச்சா?"

ஆமாம் என்றால் குழாய் இல்லை. அந்த அரை மணியும் இல்லை. பன்னிரண்டாவது நாவலில் பாதி மிச்சமிருந்தது.

"இன்னும் இல்லீங்க அத்தை," என்றாள்.