முதல் படியில் ஆதிகேசவன்

ஆதிகேசவன் இறந்து ஒரு வருஷம் கழித்து, வைகாசி மாதத்தில், நகரியில் தன் வீட்டுக் கூடத்தில் நடக்கத் தொடங்கினான். நடந்தானே தவிர ஓர் அடிகூட முன்னால் போகவில்லை. கால்கள் மாறி மாறி வந்தன, கை வீசியது, இடது தோள் தறியில் நின்ற காலத்தில் சாய்ந்தபடியே சாய்ந்திருந்தது. ஆள் மட்டும் அதே இடத்தில் இருந்தான். அந்த வாரம் தக்காளி விலை இறங்கியிருந்தது, பவர்லூம்களுக்குப் பகலில் கரண்ட் இல்லை. அதனால் பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர். பார்த்தார்கள், ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள், சமைக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். அவனைப் பெற்ற சென்னம்மா மட்டும் எதிரே உட்கார்ந்து புலம்பினாள். “இன்னாடி இது, எம்புள்ள நின்ன எடத்துலயே நடந்துகினு கீறான்?” என்று மருமகளைக் கேட்டாள். மருமகள் தேவயானிக்குக் காரணம் தெரியும். அவள் அதுவரைக்கும்தான் படித்திருந்தாள்.

அவள் படிக்கப் போனது தையல். ஆதிகேசவன் ஒரு காலையில் தறியை ஓட்டிக்கொண்டே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தபிறகு, திருப்பதியில் பெண்களுக்கு இலவசமாகத் தொழில் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயிலேறினாள். தையலில் இடம் நிரம்பிவிட்டது, அனிமேஷனில் இருக்கிறது என்றார்கள். அது என்ன என்று கேட்கக் கூச்சப்பட்டுச் சரி என்றாள். மவுஸை முதன்முதலாகத் தொட்ட அன்று அது மேஜையை விட்டு இரண்டு முறை விழுந்தது. பாடம் நடத்திய ஹரிபாபு தெலுங்குக்காரர், பொறுமைசாலி. எது விழுந்தாலும் “பர்வாலேதம்மா” என்பார். முதல் நிலையையும் கடைசி நிலையையும் நாம் கொடுத்தால் போதும், நடுவில் உள்ளதை எல்லாம் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும் என்று அவர் சொன்னது தேவயானிக்குப் பிடித்திருந்தது. முதல் பாடம் ஒரு பந்து. அவள் போட்ட சிவப்புப் பந்து எம்பவே இல்லை, கல் மாதிரி விழுந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கூடத்தில் ஒரு சிவப்புப் பந்து கல் மாதிரி விழுந்து விழுந்து கிடந்தது. மறுநாள் வகுப்பில் திருத்தினாள். வீட்டிலும் நன்றாக எம்பியது. கடைசிப் படம், அவர்கள் பாஷையில் கடைசி ஃபிரேம், ஓடி முடிந்தபோது வீட்டில் பந்து இல்லை. உருண்டு போகவில்லை, சென்னம்மா குனிந்து தேடிய கட்டிலுக்கு அடியிலும் இல்லை. கடைசி ஃபிரேமுக்கு அப்புறம் என்ன சார் இருக்கும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, காலி என்றார். ஒரு பந்துக்குப் போய் யாராவது அழுவார்களா என்றால், தேவயானி அழுதாள்.

அடுத்த பாடம் மனிதன் நடப்பது. வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் குச்சி மனிதனைப் போட்டார்கள். தேவயானியின் குச்சி மனிதனுக்கு அவளை அறியாமலே இடது தோள் சாய்ந்துவிட்டது, அப்புறம் மீசை வந்துவிட்டது. செருப்பு மட்டும் போடவில்லை. நடை என்பது முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓட வேண்டியது என்பதால் ஹரிபாபு அதை லூப்பில் போடச் சொன்னார். அப்படித்தான் ஆதிகேசவன் கூடத்துக்கு வந்தான். நின்ற இடத்திலேயே நடக்கிறாரே சார் என்று அவள் போய்க் கேட்டபோது, “நடக்கறது வேற, போறது வேறம்மா. காலுக்கு ஒரு பாடம், தரைக்கு ஒரு பாடம்” என்றார்.

அவன் எங்கே போக வேண்டும் என்பது சென்னம்மாவுக்குத் தெரியும். கொரோனா இரண்டாம் அலையில் தேவயானி மூச்சுக்குத் தவித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இவள் பிழைத்து வந்தால் நகரியிலிருந்து திருமலைக்கு நடந்தே வருகிறேன் என்று ஆதிகேசவன் வேண்டிக்கொண்டான். அவள் பிழைத்து வந்தாள். அடுத்த புரட்டாசியில் போகலாம், அதற்கடுத்த புரட்டாசியில் போகலாம் என்று அவன் தள்ளிப்போட்டான். ஆர்டர் இருக்கிறது, நூல் வந்திருக்கிறது என்று ஏதாவது ஒரு காரணம். கடைசியில் ஆளே இல்லை. “வேண்டுதல் உன் உசுருக்குடி. அவன் போயி சேராட்டி அது உம்மேலதான் வரும்” என்று சென்னம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். மருமகள்மேல் அவளுக்கு ஆசை உண்டு, அந்தப் பயத்தில்தான் சொன்னாள்.

புரட்டாசி பிறந்ததும் தேவயானி தரைப் பாடத்தைக் கற்றுக்கொண்டாள். புறப்படும் இடத்தைக் குறித்தாள். சேரும் இடத்தைக் குறிக்காமல் விட்டாள். முடிவு எங்கேம்மா என்று ஹரிபாபு கேட்டார். மலைக்கு நடக்கிறவனிடம் எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய் என்று அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கேட்பதில்லை. கேட்டால் வழியில் ஏதாவது ஆகிவிடும் என்பார்கள். “அத எங்கூர்ல கேக்க மாட்டாங்க சார்” என்றாள் தேவயானி. அவர் சிரித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். அன்று அவள் ரயிலை விட்டு இறங்கியபோது ஆதிகேசவன் வீட்டை விட்டு வெளியேறி ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தான்.

சேரும் இடம் இல்லாததால் அவன் எங்கேயும் நிற்கவில்லை. தண்ணீருக்கும் நிற்கவில்லை, மழைக்கும் நிற்கவில்லை. தேவயானி கூடவே நடந்தாள். முடியாதபோது எங்காவது படுத்துத் தூங்கிவிட்டு பஸ் பிடித்து முன்னால் போய் இறங்கிக் காத்திருந்தாள். அடியின் நீளத்துக்கும் போகும் வேகத்துக்கும் அவள் கணக்கு சரியாக வரவில்லை, ஒவ்வோர் அடியிலும் பாதம் கொஞ்சம் வழுக்கியது. புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற ஒருவர் வாசலுக்கு வந்து பார்த்து, எலும்பில் கோளாறில்லை, போட்டவர்களிடம்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வடமாலப்பேட்டைப் பக்கம் மஞ்சள் துணி கட்டி நடந்தவர்கள் கோவிந்தா போட்டு அவனைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வழியில் நடந்தபோதுதான் தேவயானி அவனோடு மனம்விட்டுப் பேசினாள். உயிரோடு இருந்தவரை தறிச் சத்தத்தில் அவன் காதில் எதுவும் விழுந்ததில்லை.

மலையடிவாரத்து அலிபிரியில் முதல் படி வந்தது. அவள் கற்றிருந்தது சமதரை நடை. ஆதிகேசவனின் கால்விரல் படியில் இடித்தது, பாதம் வழுக்கி இறங்கியது, அடுத்த காலும் அப்படியே. வீட்டுக் கூடத்தில் நடந்தது போலவே படிக்கு முன்னால் நின்ற இடத்தில் நடந்தான். தேவயானி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பக்தி முற்றிவிட்டது என்று யாரோ ஒரு அம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

படியேறும் பாடம் தை மாதம் வந்தது. முழங்காலை எப்போது தூக்குவது, உடம்பின் பாரத்தை எந்தக் கால் வாங்குவது என்றெல்லாம் அவள் வகுப்பில் எவரையும்விடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். முகமில்லாத ஒரு குச்சி மனிதனை ஏற்றியும் பார்த்தாள். இப்போது வழுக்கவில்லை. உச்சிப் படியில் கடைசி ஃபிரேம் வந்தது. அதற்கப்புறம் திரை காலியாக இருந்தது. அவள் அதை மூடிவிட்டு, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள். ஹரிபாபு கேட்டபோது இன்னும் சரியாக வரவில்லை சார் என்றாள். பர்வாலேதம்மா என்றார் அவர்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் தேவயானி அலிபிரிக்குப் போனாள். படிக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிற பெண்கள் குனிந்த கையோடு அவன் குதிகாலுக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். பெருக்குகிறவர்கள் அவன் கால் எழும்பும்போது துடைப்பத்தை உள்ளே விட்டு எடுத்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “படி ஏர்ற பாடம் இன்னும் வர்ல மாமா” என்று சொல்வாள். மாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வந்து, விட்டு, மறுபடி வந்தது. மூச்சு வாங்கியது. எதனால் என்று அவளுக்குத் தெரியும். செத்துவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது. ஆனாலும் அந்த ஃபைலை அவள் திறக்கவில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை சென்னம்மா தானும் வருவேன் என்று முட்டியைப் பிடித்துக்கொண்டே ரயிலேறினாள். மருமகள் பொய் சொல்கிறாள் என்று அவளுக்கு எப்போதோ பட்டுவிட்டது. நேரில் வைத்துக் கேட்டுவிடலாம் என்றுதான் வந்தாள். மகனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தாள். அவன் மீசையைப் பார்த்தாள், சாய்ந்த தோளைப் பார்த்தாள். பக்கத்தில் மருமகளின் கையைப் பிடித்தாள். அடுப்பில் வைத்த மாதிரி சுட்டது. விடவில்லை, பிடித்தபடியே இருந்தாள்.

“அந்த சாரு கிட்ட சொல்லுடி” என்றாள் கடைசியில், மகனைப் பார்த்துக்கொண்டே. “அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவா சொல்லிக் குடுக்கட்டும்னு.”

“சரி அத்த” என்றாள் தேவயானி. கொண்டுவந்த புளிச்சோற்றை இருவரும் சாப்பிட்டார்கள். வெயில் நகர்ந்தபோது நிழல் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.