போக்கா மான்சாவில் எழுந்து நின்ற கடல்

கொலம்பியாவின் மேற்குக் கரையில் போக்கா மான்சா என்ற ஊருக்கு எதிரே ஒரு செவ்வாய்க்கிழமை கடல் எழுந்து நின்றது. வாழைக்காய் விலை ஏறியிருந்த வாரம் அது. கடல்வாழ் உயிர்களைக் காப்பதற்கும் அளவோடு பயன்படுத்துவதற்குமான தேசியக் கொள்கையின்படி, பாறைத்திட்டைச் சுற்றி ஐந்தாண்டுகளுக்கு யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று வரைபடத்தில் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு உள்ளே இருந்த நீரெல்லாம் தென்னை உயரத்துக்கு நிமிர்ந்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் சுவராக நின்றது. பார்க்க வந்த அதிகாரி, கொள்கையில் உயரத்தைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை என்றார். தேங்காய்ப்பால் விட்ட மீன்குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படகேறினார்.

கோடு போடுமுன் ஊரைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். பள்ளிக்கூடத்தில் கூட்டிக் கேட்டார்கள். வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் சரிபாதியாக இருக்க, தாமதமாக வந்த எமெரிதா மொஸ்கேரா வேண்டும் என்று கையைத் தூக்கினாள். சொந்தப் படகு வைத்திருந்த விதவை அவள். வலையில் வரும் மீன் வருடா வருடம் சிறுத்துப்போவதைப் பார்த்துப் பயந்துபோயிருந்தாள். அவளுடைய தம்பி நோல்பெர்த்தோ, நாலு பிள்ளைகளின் தகப்பன், வேண்டாம் என்றவர்களோடு உட்கார்ந்திருந்தான். அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்தினான்.

வெளிக்கடலில் மீன் அற்றுப்போயிருந்தது. பாதிப் பேர் மரம் வெட்டப் போனார்கள். மிஞ்சியவர்கள் சுவரோரமாகப் படகில் போய், உள்ளே கொழுத்துத் திரிந்த சங்கரா மீன்களைப் பார்த்து வயிறெரிந்து திரும்பினார்கள்.

"ஏண்டி எமெரிதா, அடுப்புல தண்ணி கொதிக்குது. தூக்குன கையைக் கொண்டாந்து போடுறியா?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வெறும் எலும்புதாண்டி, சூப்பு வெச்சுக்க!" என்று இவளும் விடமாட்டாள். உள்ளே போய் அழுவாள். கிடைத்த மீனில் பாதியைத் தம்பி வாசலில் வைத்துவிட்டு வருவாள். பிள்ளைகள் சாப்பிடுவார்கள், அவன் தொடமாட்டான்.

மூன்றாம் ஆண்டு, கடைக்குட்டி வெறும் வாழைக்காய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்த ஒரு மாலையில், நோல்பெர்த்தோ ஈட்டியை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கித் துடுப்புப் போட்டான். எமெரிதா தன் படகில் பின்னாலேயே போனாள். சுவருக்குள் ஓர் ஆள் உயரக் களவா மீன் சினையில் வயிறு புடைத்து, அவன் முகத்துக்கு நேராக நின்றது.

"குத்துடா," என்றாள். "உம் புள்ளைங்க பட்டினி எனக்குத் தெரியாதா? தடுக்க எனக்கு மூஞ்சி இல்ல. அது வயித்த ஒருதரம் பாத்துட்டுக் குத்து."

அவன் ஈட்டியை ஓங்கினான். அப்போது அதன் பின்னாலிருந்து களவாக்கள் வந்தன. ஆழத்திலிருந்து கூட்டங்கூட்டமாக வந்துகொண்டே இருந்தன. எல்லாம் சேர்ந்து சுழன்று மேலேறி முட்டை விட்டன. சுவர் அடியிலிருந்து உச்சிவரை கஞ்சித்தண்ணீராக வெளுத்தது. அந்த வெளுப்புக்குள் ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாக ஒளிவிட்டது. எமெரிதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை உயிரை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கத் தனக்கு என்ன தகுதி என்று நினைத்துக்கொண்டாள். நோல்பெர்த்தோ ஈட்டியைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு படகை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

அடுத்த மழைக்காலத்தில் சுவருக்கு அதற்குமேல் கொள்ளவில்லை, உச்சி வழிந்தது. தண்ணீர் அப்படியே நிற்க, மீன் மட்டும் விழுந்தது. பெரும்பாலானவை வெளிக்கடலில் விழுந்து நீந்திப் போயின, சில நேராகப் படகுகளில் விழுந்தன. வழிவது ஊருக்கு, உள்ளே இருப்பது கடலுக்கு என்று ஊர் பேசி முடித்தது.

முதல் மீன் விழுந்த காலையில் எமெரிதா கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சுவரடியிலிருந்து ஒரு குரல் கத்தியது.

"அக்கா! மண்டையிலயே விழுதுக்கா! வலைய அங்கயே போட்டுட்டுக் குடைய எடுத்துக்கிட்டு வா!"

அவள் வீட்டுக்கு ஓடினாள். கண்ணீர் மறைத்ததால் ஆணியில் தொங்கிய குடை கைக்குக் கிடைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அதிலிருந்து போக்கா மான்சாவில் கடலுக்குப் போகிறவர்கள் குடையில்லாமல் போவதில்லை.