அற்புதசாமி சொன்ன பொருள்

ஆங்கிலத்தின் ஆழத்தைக் கண்டவர் திருச்சி ஜில்லாவிலேயே ஒருவர்தான்; அவர் மேலப்புதூர் அற்புதசாமி. கண்டதைக் கேட்க வந்தவர்கள் மூன்று பேர். அதில் காஜா மைதீன் தூங்குவதற்காக வருகிறவன்.

இரட்டைச் சொல் வினைகள் என்றால் அற்புதசாமிக்கு உயிர்.

"கிவ் என்றால் கொடு. அப் என்றால் மேலே. சேர்த்தால்?" கோட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்.

"மேலே தூக்கிக் கொடுக்கிறது, ஸார்" என்றான் காஜா மைதீன், அரைக்கண்ணில்.

"மண்டு! கைவிடுவது. பீடியை கிவ் அப் பண்ணலாம். கெட்ட சகவாசத்தை கிவ் அப் பண்ணலாம்."

"இந்த டியூஷனை, ஸார்?"

வகுப்பு சிரித்தது. சமையலறையில் அவர் மனைவி ரோசரி இருமினாள். "அடுப்புப் புகை" என்று அதற்கும் ஒரு பொருள் சொல்லிவிட்டு மேலே நடத்தினார்.

அந்தப் புகையையே அவர் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐப்பசி அடைமழையில் ரோசரி கட்டிலோடு கிடந்தபோதுதான் டாக்டர் வந்தார். குழாயை வைத்துப் பார்த்தார். நோயாளிக்குப் புரியக்கூடாது என்ற நாகரிகத்தில் இங்கிலீஷில் சொன்னார்:

"ஐ ஹாவ் கிவன் ஹெர் அப், மிஸ்டர் அற்புதசாமி."

இங்கிலீஷ் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அற்புதசாமிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது.

டாக்டரின் ஜட்கா தெருமுனை திரும்பியது.

"என்னங்க சொன்னாரு?"

"மருந்தை விட்டுடலாம்னாரு. உனக்குத் தேறிடுச்சாம், ரோசரி."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசங்களுக்கு ஒருநா சொன்னீங்களே. வைத்தியர் கைவிட்டாலும் இதே வார்த்தைதான்னு. அடுப்படியிலேருந்து எல்லாம் கேட்டுட்டுத்தானே இருப்பேன்."

"உனக்கு இங்கிலீஷ் வருமா?"

"நீங்க கேக்கலையே."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள்தான் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"போங்க. கொஞ்சம் கஞ்சி வச்சுக் கொண்டாங்க. பசிக்குது."

அற்புதசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அரிசி எந்தப் பானையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.